கரும்புகைத் திணை: டீசல் எஞ்சினைப் படமெடுத்தல் பற்றி ஓர் ஆராய்ச்சி

தொல்காப்பியம் அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுக்கிறது. 1979-இல் திறக்கப்பட்ட நாகர்கோவில்–கன்னியாகுமரி ரயில் பாதையோரம் கேமராவுடன் நிற்கும் கொட்டாரத்து இளைஞரின் நிலையையும் (காதல் அன்றாயினும் அதன் அறிகுறிகள் யாவும் உடைய நிலை அது) இவ்வகையிலேயே ஆராய்தல் பொருந்தும்.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். நிலம், வயலும் தென்னையும் மருந்துவாழ்மலையும் பின்னணியாக அமையும் மருதம். பொழுது, படம் எடுப்பவரின் முதுகில் வெயில் விழும் வேளை. தாமதமாகும் வண்டிக்காகச் சூரியன் நிற்பதில்லையாதலால் வண்டியும் வெயிலும் கூடுவது அரிது.

கருப்பொருளில் உணவு டீசல், பறை ஹாரன், விலங்கு டபிள்யூ.டி.எம்-2 என்னும் எஞ்சின். இப்பெயரின் முதலெழுத்து அகலப்பாதையையும், அடுத்தது டீசலையும், மூன்றாவது பயணி வண்டி, சரக்கு வண்டி இரண்டையும் இழுக்கும் தகுதியையும் குறிக்கும். அமெரிக்க ஆல்கோ நிறுவனத்தின் வடிவமைப்பைக் கொண்டு 1964 முதல் வாரணாசியில் தயாரான, 2,600 குதிரைத்திறன் உடைய இந்த எஞ்சினின் தனிச்சிறப்பு கரும்புகையே. லோகோ பைலட் விசையைக் கூட்டியதும் எண்ணெய் உடனே பாய, காற்றை அழுத்தித் தரும் டர்போ வேகம் பிடிக்கச் சற்றுப் பிந்துவதால், முழுதும் எரியாத கரி புகையாகப் பீறிட்டு எழுகிறது. பொறியியலார் இதைக் குறை என்பர். படமெடுப்போரோ ஷட்டரை அழுத்தும் கணத்தில் புகை வராமற்போவதையே குறை என்பர். 36 படச் சுருளில் ஒன்று அப்படிப் போவது, போனில் நூறு எடுப்போர்க்கு விளங்காத துயரம்.

கன்னியாகுமரியோடு தண்டவாளம் முடிவதால், வந்த எஞ்சின் கழற்றப்பட்டு, பக்கத்துப் பாதை வழியே மறுமுனைக்குச் சென்று மாட்டப்படும். டீசல் காலத்தில், ஓட்டுநர் அறை முன்னிருக்க வந்த எஞ்சின், திருப்பப்படாவிடில், தன் நீண்ட உடலை முன்நீட்டிக்கொண்டு திரும்பியது. அந்த நீண்ட பக்கம் முகமா முதுகா என்பது தீராத வழக்கு.

உரிப்பொருள், முல்லைக்குரிய இருத்தல், அதாவது வரும் என்று நம்பிக் காத்திருத்தல். பாதை மின்மயமான பின் அது நெய்தலுக்குரிய இரங்கலாகத் திரிந்தது: கம்பிகள் மலைக்குக் குறுக்கே கோடு கிழிக்கின்றன, மின்சார எஞ்சின் புகைப்பதில்லை.

ஆதலால் கொட்டாரத்து வீடுகளின் பழைய ஆல்பங்களில், கன்னியாகுமரி பார்க்க வந்த மாமாவின் தோளுக்குப் பின்னால் ஒரு டீசல் எஞ்சின் அகப்பட்டிருக்குமாயின், மாமா கண்ணை மூடியிருக்கிறார் என்பதற்காக அப்படத்தைக் கிழித்துவிட வேண்டாம்.