பாரத்தோடு ஒரு ஜெபம்

சாரல் பருவத்தில் குற்றாலம் சென்று திரும்புகிறவனுக்கு ஜலதோஷம் வரும் என்பது தெரிந்ததே. கண்டன ஜெபமும் வரும் என்பதைச் சென்ற வாரந்தான் அறிந்தேன். தென்காசியில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தின் முடிவில், அருகே முழங்காலிட்டிருந்த பெரியவர், “ஓய்வுநாளில் ஐந்தருவியை நாடி ஓடுகிற எங்கள் சகோதரனுடைய கண்களைத் திறந்தருளும், ஆண்டவரே” என்று மிகுந்த பாரத்தோடு மன்றாடத் தொடங்கியபோது, என் கண்கள் ஒழுங்கின்படி இறுக மூடியிருந்தன.

பழைய திருநெல்வேலி மிஷனெரி ரேனியஸ் ஐயரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவே எழுத உட்கார்ந்தேன், அது நிற்கட்டும். காலை ஆராதனையை முடித்துக்கொண்டுதான் அருவிக்குப் போனேன் என்று எழுந்து சொல்லலாமென்றால், ஜெபத்தின் இடையே ஆட்சேபணை எழுப்ப எந்தச் சபையிலும் விதியில்லை. பேசுகிறவர் நம்மோடு பேசவில்லை, கடவுளோடு பேசுகிறார். ஆகையால் கோபித்துக்கொள்வதும் பக்திக்குறைவு. நான் பிரானூர் பார்டரில் புரோட்டாவும் கோழியும் புசித்தது, உடன்வந்தவர் சங்கீதப் புஸ்தகம் தொடாதவர் என்பது, எங்கள் கார் நின்ற இடம், மாலை ஆராதனை மணி அடித்தபோது நான் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தது ஆகிய அனைத்தும் சர்வஞானியாகிய கடவுளுக்கு, அவர் கவனிக்கத் தவறியிருக்கக்கூடும் என்பதுபோல, ஒன்றுவிடாமல் விண்ணப்பிக்கப்பட்டன. சுற்றியிருந்தோர் ஒவ்வொன்றுக்கும் “ஆம் ஆண்டவரே” என்று சாட்சிக் கையொப்பமிட்டனர். கடைசியில் என் குற்றப்பத்திரிகைக்கு நானே “ஆமென்” சொல்லவேண்டியதாயிற்று.

வாசலில் செருப்பு மாட்டுகையில் அதே பெரியவர், “தம்பி, அருவியில தண்ணி நல்லா விழுதா?” என்று விசாரித்தார்.

குற்றஞ்செய்த சகோதரனிடம் முதலில் தனியே போ, கேளாவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ, அப்புறமே சபைக்குச் சொல் என்பது மத்தேயு 18-ஆம் அதிகாரத்தின் கிரமம். நம்மவர்கள் சபையில் தொடங்கி, இரண்டொருவரிடம் விஸ்தரித்து, சகோதரனிடம் வரும்போது அருவியை விசாரிக்கிறார்கள்.

ரேனியஸ் ஐயருக்கு வருவோம். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த அந்த ஜெர்மானியர், இங்கிலாந்துத் திருச்சபையின் ஒழுங்குகளைக் குறைகூறி அச்சிலேயே எழுத, மிஷனெரிச் சங்கம் 1835-இல் அவரை விலக்க, திருநெல்வேலிச் சபைகள் பிளவுபட்டு, 1838-இல் அவர் மறையும்வரை பிணக்குத் தீரவில்லை. இதைக்கொண்டு சாந்தமாய்த் திருத்துவதைப் பற்றி ஏதோ சொல்ல வந்தேன். வருகிற வெள்ளிக்கிழமைக் கூட்டம் எங்கள் வீட்டில் என்பதும், முடிவு ஜெபம் யார் செய்வதென்று நிச்சயிக்கும் உரிமை வீட்டுக்காரனுக்கே உண்டென்பதும் ஞாபகம் வந்ததில், அது மறந்துபோயிற்று.