கொம்மா கதைக்கிற ஒழுங்கு

தம்பி, நெதர்லாந்துக்கு வந்து டச்சு வகுப்புக்குப் போறாய், சந்தோசம். ஆனால் வீட்டை வந்து, "வினைச்சொல்லைக் கொண்டுபோய்க் கடைசியிலை போடுறாங்கள், உதென்ன பாஷை" எண்டு ஒப்பாரி வைக்கிறாய் பார், அங்கைதான் எனக்குச் சிரிப்பு. கதைக்கத் தொடங்கின நாள்முதல் வினையைக் கடைசியிலை போட்ட வாயல்லோ உது! இடையிலை படிச்ச இங்கிலிஷ் உன்னைக் கெடுத்துப் போட்டுது.

'ஒம்டாத் இக் சீக் பென்' எண்டதைப் பார். ஏனெண்டால், நான், வருத்தமாய், இருக்கிறன். முன்னுக்கு நிக்கிற 'ஒம்டாத்'தை வெட்டிவிட்டால் கொம்மா கதைக்கிற ஒழுங்குதான். 'மொர்ஹன் மெட் டெ ட்ரெய்ன் நார் ஆம்ஸ்டர்டாம்' எண்டதும் அப்பிடியே: நாளைக்கு, கோச்சியிலை, ஆம்ஸ்டர்டாமுக்கு. உதுக்கே அழுகிறாய்?

நீ பயப்பிட வேண்டியது தனி வாக்கியத்துக்கு. அதிலை வினை இரண்டாம் இடத்தை விடாது. ஊர்ச்சங்கத்திலை தலைவர் கதிரையிலை ஆர் வந்து குந்தினாலும், பக்கத்துக் கதிரைச் செயலாளர் அசையமாட்டாரல்லோ, அதே கெப்பர்தான். 'இக் ஹா மொர்ஹன்' எண்டால் நான் நாளைக்குப் போறன். 'மொர்ஹன்' முன்னுக்கு வந்து குந்திச்சுதெண்டால் 'இக்' எழும்பிப் பின்னுக்குப் போகவேணும்: 'மொர்ஹன் ஹா இக்'. நீயோ 'மொர்ஹன் இக் ஹா' எண்டு செயலாளரையே தள்ளிவிடுறாய்! 'ஒம்டாத்' வாக்கியம் முழுக்க முன்னுக்கு வந்தாலும் இதே சட்டம்தான்: 'ஒம்டாத் இக் சீக் பென், பிளெய்ஃப் இக் தய்ஸ்.' வருத்தமெண்டபடியால் வீட்டிலை நிக்கிறன். நடுவிலை ரெண்டு வினையும் மூக்கோடை மூக்கு முட்டுது. எனக்கு டச்சிலை பிடிச்ச இடம் அது.

சோம்பேறிக்கும் ஒரு ஒழுங்கை இருக்கு. 'ஒம்டாத்'துக்குப் பதிலாய் 'வன்ட்' போடு. வினை கடைசிக்கு ஓடாது, 'வன்ட் இக் பென் சீக்'. ஆனால் காரணத்தை முன்னுக்குச் சொல்ல அது உதவாது, பிறகு என்னட்டை வராதை.

பிரிஞ்சு போற வினையளிலைதான் கவனம். 'இக் ட்ரெக் மெய்ன் யஸ்' எண்ட உடனை தலையாட்டாதை. கடைசியிலை 'ஆன்' வந்தால் ஜாக்கெட்டைப் போடுறான், 'அய்ட்' வந்தால் கழட்டுறான். அரைவாசியிலை விளங்கினமாதிரிச் சிரிக்கிற உன்ரை பழக்கம் இங்கை சரிவராது, ராசா.

கடைக்காரப் பெடியன் நீ தடுமாறுறதைக் கண்டால் இங்கிலிஷுக்குத் தாவப் பார்ப்பான். விடாதை. 'ஒம்டாத்' எண்டு தொடங்கி ஆறுதலாய் இழு. வினை வருமட்டும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நிக்கத்தானே வேணும்.