கியர்பாக்ஸைத் தொடாத, மருமவனே

வா மருமவனே, வா. தெருமுக்கு திரும்பும்போதே நீதான்னு தெரிஞ்சிபோச்சு. எங்க மச்சான் ஓட்டுன காலத்துல இந்த புல்லட்டு 'டுப் டுப்'னு ஒரே சத்தந்தான் போடும். உன் கைக்கு வந்தப்புறம் தவிலு, பம்பை, சிங்கின்னு முழு செட்டும் வருது. கோயில் கொடைக்கு மேளக்காரன் வந்துட்டான்னு உங்க அத்தை வாசலுக்கே எந்திரிச்சி வந்துட்டா.

என்னது, டவுனுல கியர்பாக்ஸைப் பிரிக்கணும்னுட்டானா? சொல்லத்தான் செய்வான். தீபாவளி வருதுல்லா, அவனும் பிள்ளைகுட்டிக்காரன். நீ உக்காரு, மோரு குடி.

முதல்ல இஞ்சினை அணைச்சிட்டு, நியூட்ரல்ல போட்டு வண்டியத் தள்ளு. அப்பவும் சத்தம் கேட்டுதுன்னா இஞ்சின் மேல பழி போடாத. செயினு, சக்கரம், பிரேக்கு, மட்கார்டு, இதுல எதோ ஒண்ணுதான். தள்ளும்போது கம்முனு இருந்துட்டு, நிப்பாட்டி முறுக்கும்போது மட்டும் கலகலங்குதா? அப்ப இஞ்சின் பக்கம் வா. கிளட்சைப் பிடிச்சா சத்தம் மாறுதா? இடது பக்கம் கிளட்சையும் பிரைமரி செயினையும் சந்தேகப்படு. இதுக்கு அஞ்சு பைசா செலவு கிடையாது. அதனாலதான் உனக்கு எவனும் சொல்லலை.

உன் டூல் பாக்ஸை இப்பத் திறந்து பாத்தேன். ரெண்டு ஸ்பேனரு, ஒரு செத்த பிளக்கு, கொஞ்சம் நட்டு. எதுக்கும் ஒரு துணி சுத்தலை. பாதி மேளம் அங்கதான்டே இருக்கு! சைலன்சரையும் ஆறினப்புறம் பிடிச்சி ஆட்டிப் பாரு, கிளாம்பு நட்டு கழண்டுதான் கிடக்கும்.

மிச்சம் பிரைமரி செயினு. அந்த கேஸு மேல சின்னதா ஒரு மூடி இருக்குல்லா, அதைக் கழத்திட்டு விரலை விட்டுச் செயினை ஆட்டு. இஞ்சினை அணைச்சிட்டுத்தான். இதைச் சொல்லலைன்னா நீ ஓட விட்டுட்டு விரலை விடுவ, உன்னை எனக்குத் தெரியாதா? கால் அங்குலம், 6 மில்லிமீட்டரு ஆட்டம் இருக்கலாம். கிக்கரை மெல்ல மிதிச்சி நாலஞ்சு இடத்துல பாரு. எங்க ரொம்ப இறுக்கமா இருக்கோ அந்த இடத்தை வச்சித்தான் கணக்கு. கேஸோட அம்மாம் பெரிய வெளி மூடியை நடுவுல ஒரே ஒரு நட்டுதான் பிடிச்சிருக்கு. எண்ணெய் கசியுதுன்னு அதைப் போட்டு முறுக்கு முறுக்குன்னு முறுக்கி மூடியையே நெளிச்ச சூரப்புலிகளும் உண்டு. நீ சேர்ந்துக்கிடாத.

வலது பக்கம் 'டிக் டிக்'னா அது டேப்பட்டு. இஞ்சின் நல்லா ஆறி, ரெண்டு வால்வும் மூடி இருக்கும்போது புஷ்ராடை விரலால திருப்புனா திரும்பணும், மேலயும் கீழயும் ஆடக்கூடாது. அம்புட்டுத்தான். சத்தமே வரக்கூடாதுன்னு இறுக்கித் தொலைச்சிராத, வால்வு சரியா உக்காராம கருகிப்போவும். கொஞ்சம் 'டிக் டிக்' இருந்துட்டுப் போவட்டும். உங்க அத்தை பேசாத வீட்டுல எனக்குத்தான் பயமா இருக்கும்.

சரி, கியருக்கு வருவோம். நீ இப்ப தெருவுல ஒரு சுத்து போனத நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இந்த வண்டிக்கு கியரு வலது காலு, பிரேக்கு இடது காலு. முதல் கியரு மேல. ரெண்டு, மூணு, நாலு கீழ. நீ புது வண்டி ஞாபகத்துல, ரெண்டுல இருந்து மூணுக்குப் போறேன்னு கம்பிய மேல தூக்குத. அது நேரா முதல் கியருக்குப் போவுது. வண்டி எம்பிக் குதிக்குது, நீ கியர்பாக்ஸ் போச்சுங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

இது ஆல்பியன் கியர்பாக்ஸு, சீமைக்காரன் போட்ட வடிவம். 1955-ல மெட்ராஸ்ல இந்த வண்டிக்குக் கம்பெனி வந்த காலத்துச் சரக்கு. அதுக்கு அவசரம் ஆவாது. ஒரு கியருக்கும் அடுத்த கியருக்கும் நடுவுல ஒரு மூச்சு விடு. படக்குனு அடிச்சா ரெண்டுக்கும் நடுவுல போயி உக்காந்துக்கிடும். இஞ்சின் அலறும், வண்டி நகராது. பின்னாடி ஒரு குட்டிக் கம்பி நீட்டிக்கிட்டு இருக்கே, அது நியூட்ரல் பைண்டரு. ரெண்டு, மூணு, நாலு, எதுல இருந்தாலும் கிளட்சைப் பிடிச்சிட்டு அதை மிதிச்சா நியூட்ரலு. முதல் கியர்ல இருந்து மட்டும் வராது. நீ அதை என்னான்னு நினைச்ச, உன் பொண்டாட்டி கால் வைக்கிறதுக்குன்னா?

காலையில முதல் கியரு 'கட்டக்'னு விழுதுன்னா பிளேட்டு ராத்திரில ஒட்டிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். ஸ்டார்ட் பண்ணுறதுக்கு முன்ன கிளட்சைப் பிடிச்சிக்கிட்டு ரெண்டு மூணு மிதி மிதி, விட்டுரும். கிளட்சு லீவர்ல 2, 3 மில்லிமீட்டருதான் லூசு இருக்கணும். உனக்கு ஒரு விரலே உள்ள போவுது. கேபிளு நைஞ்சி தொங்குது, பிளேட்டு பிரியவே இல்லை. பிறகு கியரு எப்படி விழும்? சிக்னல்ல கியர்லயே போட்டு கிளட்சைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிற வேலையையும் விடு.

ஆக்சிலேட்டரை விடும்போது பின்சக்கரத்துல ஒரு வெட்டு வெட்டுதுன்னா ஹப்புல இருக்கிற குஷ் ரப்பரு தேஞ்சிருக்கும், மாத்திக்க. அடிவயித்துல இருந்து 'டங் டங்'னு கனமா வந்தா அன்னைக்கு மட்டும் என்கிட்ட வராத, ஓட்டவும் செய்யாத. வண்டியில ஏத்தி நல்ல மெக்கானிக்குகிட்ட கொண்டு போ.

கியர்பாக்ஸைப் பிரிக்கிற நாளும் வரும். கிளட்செல்லாம் சரியா இருந்தும் ஏத்தத்துல முறுக்கும்போது கியரு தானா வெளிய துள்ளுனா, இல்ல வடிச்ச எண்ணெயில இரும்புத் துணுக்கு மின்னுனா, அப்பப் பிரி. இப்ப வேண்டாம். டவுன்காரனுக்குப் போனைப் போட்டு வரலைன்னு சொல்லிரு. ஞாயித்துக்கிழமை காலையில புதுசா ஒரு கிளட்ச் கேபிளு மட்டும் வாங்கிக்கிட்டு வா, நான் மாட்டித் தாரேன்.