எனக்கொண்டும் செய்யாது

வெள்ளவத்தையில் எந்தத் தொடர்மாடிக்குள் நுழைந்தாலும் ஒரு 'எனக்கொண்டும் செய்யாது' மாமா இருப்பார். இளைப்பாறியவர். றம்பொடை வளைவுகளில் பஸ்ஸே தேசிக்காயை முகர்ந்து, சொப்பிங் பாக்கை விரித்து வைத்திருக்க, இவர் மட்டும் வடை சாப்பிடுவார். வாடைக் காற்றில் நெடுந்தீவுக்குப் போன கதை கொட்டாஞ்சேனைக் கலியாண வீடுகள் வரைக்கும் பிரசித்தம். "படகில எல்லாரும் சத்தி. நான் கச்சான் கொறிச்சுக்கொண்டு நிண்டனான்."

பஸ்ஸில் இவர் எப்போதும் சாரதிக்குப் பின்சீற்றில்தான் இருப்பார் என்பது கதையில் வராது. வரப்போகும் வளைவைக் கண் முன்கூட்டியே கண்டுவிட்டால் மூளை ஆயத்தமாகிவிடும். சாரதிமார் சத்தி எடுப்பது அரிதாக இருப்பதும் அதனால்தான்.

ஓகஸ்ட்டில் ஸ்காபரோவிலிருந்து மருமகன் வருவான், பையில் குவெஸ்ட் 2 என்ற மெய்நிகர் (VR) ஹெட்செட்டோடு.

"மாமா, கதிரையில இருந்து போடுங்கோ. கண்ணுக்கு அளவும் மாத்தோணும்."

"டேய் தம்பி, நான் றம்பொடையில வடை சாப்பிட்டவன்!"

நின்றபடியே மாட்டுவார். ரோலர் கோஸ்டர் உச்சிக்கு ஏறும்வரை ஒரே சிரிப்பு. முதல் இறக்கத்தில் யன்னல் சீலையைப் பிடிப்பார். இரண்டாவதில் சீலை கையோடு வந்துவிடும்.

உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள். தலை திரும்பினால் அவற்றுள் இருக்கும் திரவம் அசைந்து மூளைக்குத் தகவல் போகும். படகின் அறைக்குள் காது 'ஆடுகிறோம்' என்னும், சுவரைப் பார்க்கும் கண் 'இல்லையே' என்னும். ஹெட்செட்டில் கட்சி மாறிவிடும். கண் பாதாளத்தில் விழுந்துகொண்டிருக்கும், காதோ 'சோபாவுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறாய்' என்று சத்தியம் பண்ணும். தலை திரும்பி 20 மில்லிசெக்கனுக்குள் படமும் திரும்பாவிட்டால் சண்டை இன்னும் முற்றும். நெடுந்தீவு அனுபவம் இங்கே எடுபடாது.

தலையிடி வேறு வழக்கு. வில்லைகள் படத்தை ஒன்றிரண்டு மீற்றர் தூரத்தில் இருப்பதுபோல் நிலையாக வைக்கின்றன. மூக்குக்கு நேரே ஏதும் பாய்ந்து வந்தால் கண்மணிகள் உள்ளே திரும்ப வேண்டும், ஆனால் குவியம் அசையாமல் அங்கேயே நிற்க வேண்டும். குழந்தைப் பருவம் முதல் சேர்ந்து செய்த வேலையைக் கண் இப்போது பிரித்துச் செய்கிறது. போதாததற்கு அந்த ஹெட்செட்டில் வில்லை இடைவெளிக்கு 58, 63, 68 மில்லிமீற்றர் என்று மூன்றே நிலைகள். பொடியனின் கண்ணுக்கு வைத்ததை மாமா மாற்ற விட்டால்தானே! முகத்தில் அரைக் கிலோப் பாரம் வேறு.

பிறகு கட்டில், சித்தாலேப, இஞ்சிப் பிளேன்டீ. கண்ணைத் திறக்காமலே தீர்ப்பு வரும்: "நேற்று இரவுக் கொத்து ரொட்டி சரியில்லை."

இதைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது. 1977இல் டிரைஸ்மன் என்ற உளவியலாளர் 'சயன்ஸ்' இதழில் எழுதியதும் கிட்டத்தட்ட இதுதான். கண்ணும் காதும் முரண்பட்டால், நஞ்சு உள்ளே போய்விட்டது என்று மூளை முடிவுகட்டி வயிற்றைக் காலிபண்ணப் பார்க்கிறதாம். எல்லாரும் ஒப்புக்கொண்ட கருத்தல்ல. ஆனாலும் மாமாவின் மூளைக்கு இது அச்சொட்டாகப் பொருந்தும். பழி சாப்பாட்டின் மேல்தான்.

உண்மையிலேயே ஒன்றும் செய்யாதவர்களும் இருந்திருக்கிறார்கள். விண்வெளிப் பயண ஆய்வுக்காக அமெரிக்கக் கடற்படை 1950களின் இறுதியில் வாஷிங்டன் கல்லொடெட் கல்லூரியிலிருந்து காது கேளாத 11 பேரைச் சேர்த்தது. அவர்களில் பெரும்பாலானோருக்குச் சிறுவயது மூளைக் காய்ச்சல் உட்காதைப் பழுதாக்கியிருந்தது. நோவா ஸ்கோஷியாக் கடல் கொந்தளித்தபோது ஆராய்ச்சியாளர்கள் சுருண்டு கிடக்க, இவர்கள் சீட்டு விளையாடினார்கள்.

மருமகன் இதைச் சொன்னதும் மாமா கட்டிலில் நிமிர்ந்து உட்காருவார். "அதுதானே! எனக்கும் காது கொஞ்சம் மந்தம்."

மாமி குசினிக்குள்ளிருந்து குரல் கொடுப்பார்: "நான் கடைக்குப் போகச் சொல்லேக்க மட்டும்."