ஆத்துக்கிட்ட பட்டாவக் காட்டாதலே!

ஏலே பேராண்டி, இங்ஙன வந்து உக்காரு. தாமிரபரணிக் கரையில மனை வாங்கப் போறியாம்லா? நோட்டீஸ்ல நல்லாத்தான் போட்டிருக்கான். காப்பியக் குடிச்சிக்கிட்டே தண்ணியப் பாக்கலாமாம். தண்ணியும் உன்னையப் பாக்க வருமேடே, அதைப் போட்டிருக்கானா?

ஆறுன்னா என்னன்னு நினைச்சே? ஒருக்கா வெட்டிவிட்டா அதே இடத்துல கிடக்கும்னா? பொதிகையில பொறக்குது. பாணதீர்த்தத்துல குதிக்குது. பாபநாசத்துக்கு மேல இன்னொருக்கா குதிக்குது. மலையில சரிவு ஜாஸ்தி, வேகமும் ஜாஸ்தி. பாறாங்கல்லையே உருட்டிட்டு வரும். கல்லும் கல்லும் மோதி முனை மழுங்கி கூழாங்கல்லாகும். இன்னும் தேஞ்சா மணலு. சமவெளிக்கு வந்ததும் வேகம் போச்சு, சுமக்கத் தெம்பும் போச்சு. கனத்ததை மொதல்ல இறக்கும். வண்டலைக் கடைசியில இறக்கும். நீ திங்குத சோறு அந்த வண்டல்ல வெளஞ்சதுதாம்லே.

சரி, உன் மனை ஆத்து வளைவுல எந்தப் பக்கம்? முழிக்கே பாரு! வெளிக்கரையில தண்ணி வேகமா இடிக்கும், கரைய அரிக்கும். உள்கரையில பைய ஊரும், மணலைச் சேக்கும். அதனால வளைவு நின்ன இடத்துல நிக்காது, நகரும். வெளிக்கரையில வாங்கினா வருஷாவருஷம் மனை குறையும், வீட்டுவரி குறையாது. உள்கரையில வாங்கினா மணலு மிச்சம். ஆனா அது தாழ்ந்த இடம், வெள்ளம் மொதல்ல ஏறுதது அங்கதான். எது வசதி?

நான் கதை விடுதேன்னு நினைக்கியா? கொற்கையக் கேட்டுப் பாரு. பாண்டியன் காலத்துல முத்து ஏத்துமதியான துறைமுகம். இந்த ஆறு மண்ணைக் கொட்டிக் கொட்டியே கடலைத் தள்ளிட்டு. இன்னைக்கு அங்கிருந்து கடலைப் பாக்க ஆறேழு கிலோமீட்டர் போகணும். பெறகு காயல் துறைமுகமாச்சு. 13-ஆம் நூற்றாண்டுல மார்க்கோ போலோவே எழுதி வச்சிருக்கான். அதுவும் தூந்துபோச்சு. இப்பம் பழையகாயல்னு ஊருக்குள்ள கிடக்கு. அன்னைக்கு எவனாவது கொற்கையில கடலைப் பாத்த மாதிரி மனை போட்டிருந்தா, அவன் வாரிசு யாரு மேல கேஸ் போடுவான்?

2023 டிசம்பர்ல என்னாச்சு? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்துல ரயிலே நகர முடியாம நின்னுச்சு. எல்லாரும் ஆத்தைத்தான் ஏசுனாவ. ஆறு பத்திரம் படிக்குமா, சர்வே நம்பர் பாக்குமா? மேட்டுல இருந்து பள்ளத்துக்கு. அதுக்குத் தெரிஞ்ச சட்டம் அது ஒண்ணுதான்.

படிச்சவிய இதுக்கும் ஒரு வழி சொல்லுதாவ. ரெண்டு பக்கமும் கான்கிரீட் சுவரு, கலர் லைட்டு, நின்னு போட்டோ எடுக்க ஒரு மேடை. ஆத்தை ஒடுக்கினா தண்ணி குறைஞ்சிருமா? மட்டம் ஏறும், வேகம் கூடும், அடிய நோண்டும். பெறகு சுவரு சாஞ்சிட்டுன்னு விசாரணைக் கமிட்டி போடுவாவ.

குறுக்குத்துறையில முருகன் கோயிலைப் பாத்திருக்கியா? ஆத்துக்குள்ளயே நிக்கி. வெள்ளம் வாற பக்கத்துச் சுவரைப் படகு முனையாட்டம் கட்டிவச்சான் அந்தக் காலத்துக் கொத்தன். தண்ணி ரெண்டாப் பிரிஞ்சு போயிரும். உற்சவர் மட்டும் முன்கூட்டியே மேட்டுக் கோயிலுக்குப் போயிருவாரு. சாமியே வெள்ளத்துக்கு ஒதுங்குதாரு. நீ ஒதுங்க மாட்டே, இல்ல?

ஆகக்கூடி நான் சொல்லுதது இம்புட்டுத்தான். முன்பணம் குடுக்க முன்னால ரெண்டடி தோண்டிப் பாரு. கூழாங்கல்லும் மணலும் வந்தா, அது ஆறு படுத்து எந்திரிச்ச இடம். அப்புறம் அக்கம்பக்கத்துல வயசான ஆச்சி யாரையாவது பிடிச்சி, 1992 வெள்ளத்துல தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சுன்னு கேளு. எந்த வரைபடத்தையும் விட அவ சுவத்துல கைய வச்சுக் காட்டுதது சுத்தமா இருக்கும்.

என்னது, முன்பணம் குடுத்தாச்சா? அட மூதி! சரி, போவுது விடு. கிரகப்பிரவேசத்தைச் சித்திரையில வை, நான் முன்வரிசையில வந்து உக்காருதேன். ஐப்பசியில வச்சியன்னா, மொய்ய மட்டும் மணியார்டர்ல அனுப்பிருதேன்.