நிஷாகந்தியும் அண்டை வீட்டாரும்: கரமனைத் தெருக்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

திருவனந்தபுரத்தில் நிஷாகந்தி என்றும் தமிழ்நாட்டில் பிரம்ம கமலம் என்றும் அழைக்கப்படும் தொட்டிச் செடி, ஆண்டில் சில இரவுகளே பூக்கும். ஒரு பூவின் ஆயுள் ஒரே ராத்திரி. அது ஏன் இருட்டிய பிறகு மலர்கிறது என்பதற்குத் தாவரவியல் விடை சொல்லிவிட்டது. திருவனந்தபுரத்தின் கரமனைத் தெருக்களில் அது மலர்ந்ததும் பக்கத்து வீட்டார் ஏன் வருகிறார்கள் என்ற கேள்வியை மட்டும் யாரும் தொடவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னாய்வுகள்

கேரளத்துச் செடிகொடிகளைப் பற்றிப் பேச வருபவர் ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ நூலைத் தொட்டுக் கும்பிடாமல் தொடங்கக் கூடாது. டச்சுக்காரர் வான் ரீடு, இட்டி அச்சுதன் வைத்தியர் முதலானோரின் துணையோடு தொகுத்தது. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. லத்தீனில் கிடந்ததைப் பேராசிரியர் கே. எஸ். மணிலால் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் பெயர்க்க, கேரளப் பல்கலைக்கழகம் பதிப்பித்தது. அதில் நம் செடி இல்லை. வான் ரீடைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. செடியின் பூர்வீகம் மெக்சிகோ, குவாத்தமாலாப் பக்கம்; தாவரவியலாளர் தெ கந்தோல் அதற்கு அறிவியல் பெயர் வைத்ததே 1828இல்தான்.

தாமதமாக வந்தாலும் செடிக்கு நகரம் மரியாதை செய்திருக்கிறது. கனகக்குன்று அரண்மனை வளாகத்தின் திறந்தவெளி அரங்குக்கு நிஷாகந்தி என்றே பெயர். அங்கே நிஷாகந்தி நடன விழா வழக்கமாக ஆண்டின் தொடக்கத்தில் நடக்கும். செடியோ பெரும்பாலும் மழைக்காலத்தில் பூக்கும். தம் பெயரில் நடக்கும் விழாவுக்குத் தாமே வராத பிரமுகர்கள் அரசியலிலும் உண்டு என்பதால், இதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

ஆய்வுப் பொருள்

இது கள்ளிக் குடும்பம். கள்ளி வீட்டு வாசலில் ஆகாது என்று சாதிக்கும் வீடுகளிலேயே துளசி மாடத்துக்கு அருகில் வளர்கிறது. குலம் கோத்திரம் யாரும் கேட்கவில்லை, செடியும் சொல்லிக்கொள்ளவில்லை. இலை என்று நாம் நம்புவது தட்டையான தண்டு. அதன் ஓரத்துப் பள்ளத்தில் மொட்டு கட்டி, சில வாரம் தலைகீழாகத் தொங்கும். பிறகு காம்பு யானைத் தும்பிக்கை போல மேலே வளையும். மொட்டு பருத்து நுனி நெகிழ்ந்தால் அன்று ராத்திரி காப்பிக்குப் பால் கூடுதலாக வாங்க வேண்டும்.

வளர்ப்பதில் வித்தை ஒன்றுமில்லை. காட்டில் மரக்கிளையைத் தொற்றி வாழும் ஜாதி என்பதால் களிமண் ஆகாது. மணல், மக்கிய இலை, தேங்காய் மட்டைத் துண்டு கலந்த பொலபொலப்பான கலவை போதும். இளவெயில் படலாம், உச்சி வெயில் பட்டால் தண்டு மஞ்சளடிக்கும். இடவப்பாதி, துலாவர்ஷம் என்று இரு பருவமழையும் மாறி மாறிக் கொட்டும் ஊரில் தண்ணீர் விடுவதைக் காட்டிலும் தேங்காமல் பார்ப்பதே பெரிய வேலை. தொட்டியடியில் நீர் நின்றால் வேர் அழுகிவிடும்.

கள ஆய்வு

எட்டு மணிக்கு மேல் இதழ் விரியத் தொடங்கும். ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் வாட்ஸ்ஆப்பில் படம் போகும். ஒன்பதுக்குள் முற்றம் நிறையும். வருவோர் மூவகை: கற்பூரத்தோடு வரும் பக்தர், போனோடு வரும் படக்காரர், “நிஜமான பிரம்ம கமலம் இமயமலையில் அல்லவா இருக்கிறது, உத்தராகண்டின் மாநில மலர் அதுதான்” என்று தெரிவிக்க வரும் அறிஞர். அறிஞர் சொல்வது சரி. சரியாகச் சொல்பவருக்குக் காப்பி கடைசியில்தான் வரும்.

பக்தரிலும் இரு கட்சி. டார்ச் அடித்துப் பார்த்தால் எண்ணற்ற மகரந்தத் தாள்கள் படுக்கையாகச் சாய்ந்திருக்க, மேலே வெள்ளைச் சூல்தண்டு நீண்டு கிடக்கும். நுனி விரல்விரலாகப் பிரிந்திருக்கும். உள்ளே பிரம்மா என்பது ஒரு கட்சி. அனந்தசயனம் என்பது மறு கட்சி. வேறு ஊராயிருந்தால் வழக்கு முற்றியிருக்கும். பத்மநாபசுவாமியின் ஊரில் பள்ளிகொண்டவர் நாபியிலேயே பிரம்மா அமர்ந்திருப்பதால் இரு தரப்பும் ஜெயித்துவிடுகிறது. கோயிலில் மூன்று வாசல் வழியாகக் காண வேண்டியது இங்கே ஒரே வாசலில் முடிகிறது என்பது கூடுதல் வசதி.

கருதுகோளும் நிறுவலும்

பூர்வீகத்தில் அந்த வெண்மையும் வாசனையும் இருட்டில் பெரிய அந்துப்பூச்சிகளை வரவழைக்க. கரமனைத் தொட்டிகளிலோ காய் பிடிப்பது அபூர்வம். இத்தனை வாசனையும் வீண்தானா? இல்லை. அது அண்டை வீட்டாரை வரவழைக்கிறது. வந்தவர் கிளம்பும்போது, செருப்பில் ஒரு காலை நுழைத்தபடியே, “மாமி, ஒரு கஷணம் எடுத்தோட்டே?” என்று தண்டில் ஒரு துண்டு கேட்கிறார். மாமி கத்திரிக்கோலோடு வருகிறாள். “உடனே நட்டுடாதே, அழுகிப் போகும். நாலு நாள் நிழல்லே போட்டு, வெட்டின வாய் காஞ்சப்புறம் வை” என்று விதிமுறையும் சொல்கிறாள்.

ஆகவே, பூச்சி தொடங்கி விதை முடிக்க வேண்டிய இனப்பெருக்கத்தை இங்கே விருந்தினர் முடிக்கிறார்கள். பூச்சிக்குக் கூலி தேன், இவர்களுக்குக் காப்பி. தெரு முழுதும் இருப்பது பல செடிகளல்ல, ஒரே செடியின் கிளைகள் என்பதும் இதனால் பெறப்படும்.

மறுப்பும் விடையும்

கஷணம் கேட்காமல் போகிறவரும் உண்டே என்று கேட்கலாம். உண்மைதான். ஓர் இரவு ஒருவர் பூவை வெகுநேரம் பார்த்தார், காப்பி குடித்தார், ஒன்றும் கேட்காமல் விடைபெற்றார். தேற்றம் ஆட்டம் கண்டது. விடிந்து பார்த்தால் தொட்டியின் சுவரோரப் பக்கத்தில் நல்ல தண்டு ஒன்றைக் காணோம். திருடி வைத்த செடிதான் தழைக்கும் என்பது நம் பெரியோர் நம்பிக்கை. அவர் அந்த விதியை மற்றவர்களைவிடக் கண்டிப்பாகப் பின்பற்றியிருக்கிறார், அவ்வளவுதான். அவர் வீட்டில் அது பூத்தபோது நமக்கும் அழைப்பு வந்தது. போய், பூவைப் புகழ்ந்து, ‘செடி எங்கே வாங்கினீர்கள்?’ என்று கேட்காமல் திரும்புவதே ஆய்வு நெறி.