பீபெரி வம்சம்

உக்காரு தம்பி. பெஞ்சு ஆடும், பயப்படாதே. அது நாப்பது வருசமா ஆடுது. கோயிலுக்குப் போயிட்டு வர்றியா? நெத்தியில குங்குமம் இன்னும் காயலையே. அதோ, ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு மக்காச்சோளம் வாங்கற பொண்ணு உன் சம்சாரம். ஆறு மாசம் இருக்குமா? பக்கத்துல குடையைத் தடியாட்டம் புடிச்சிட்டு நிக்கறது உங்கம்மா. சொல்லவே வேண்டாம், தெரிஞ்சுபோச்சு. வந்தது மூணு பேரு, வேண்டுதல் ஒண்ணு. பையன்.

பேஷா பொறக்கட்டும். குறுக்க நிக்க நான் யாரு? ஒரே ஒரு சந்தேகம். அந்தக் கோயில் குகைக்குள்ள சேர்வராயன் சாமி ஒண்டியா இல்லையே, பக்கத்துலயே காவேரியம்மனும் இருக்குதே. பொண்ணு வேண்டாம்ங்கற சேதியை அந்தம்மா காதுபடச் சொல்லிட்டு, அந்தம்மா குங்குமத்தையே நெத்தியில வச்சிக்கிட்டு வந்திருக்க பாரு, அந்தத் தைரியம் எனக்கு வராது சாமி.

சரி, பையன் யாருக்கு வேணும்? உன்னைக் கேட்டா, "எனக்கு எதுன்னாலும் சரிங்கய்யா, அம்மாதான்…"ன்னு இழுக்கற. அம்மாவைக் கேட்டா, "எனக்கென்னப்பா, ஊரு நாலு வார்த்தை கேக்குமே"ன்னும். ஊருன்னா யாரு? உன் பெரியம்மா, ரெண்டு அத்தை, எதுத்த வீட்டு டீச்சரு. அவங்களைப் போய்க் கேளு, "நாங்க என்னத்தைச் சொன்னோம், அது அவங்க வீட்டு வழக்கம்"பாங்க. பஸ்ஸுல எவனோ வச்சிட்டுப் போன மூட்டை தம்பி இது. எனக்கில்ல, எனக்கில்லன்னு ஆளாளுக்கு நகர்த்தி, கடைசியில அந்தப் புள்ளை மடியில ஏத்தி வச்சிட்டீங்க.

சட்டம் எழுதுனவன் இந்த மூட்டையைப் பார்த்திருக்கான். வயித்துல இருக்கறது ஆணா பொண்ணான்னு ஸ்கேன்ல பாக்கக்கூடாதுன்னு 1994ல போட்ட சட்டம். அப்படிப் பாத்து மாட்டினா, புருசனோ சொந்தக்காரங்களோ நெருக்கித்தான் அந்தப் பொண்ணு வந்திருக்கும்னு கோர்ட்டு எடுத்த எடுப்புலயே வச்சிக்கும். இல்லைன்னு காட்டறது உங்க பாடு. பாக்கச் சொன்னவருக்கு மொதல் தடவையே மூணு வருசம் வரைக்கும் உள்ள, 50,000 ரூபா வரைக்கும் அபராதம். அங்கயும் "அம்மாதான் சொன்னாங்க"ன்னு சொல்லிப் பாரு, உங்கம்மாவுக்கும் அதே வேன்லயே சீட்டு போட்டுருவாங்க.

நீ எடப்பாடிப் பக்கமா, ஓமலூர்ப் பக்கமா? எதுவானா என்ன, சேலம் ஜில்லாதானே. மாம்பழத்துக்குப் பேரெடுத்தோம், இரும்பாலைக்குப் பேரெடுத்தோம். இன்னொண்ணுலயும் எடுத்தோம். 1992ல ஜெயலலிதா தொட்டில் குழந்தைத் திட்டத்தை ஆரம்பிச்சதே நம்ம ஜில்லாவுலதான். கள்ளிப்பால் ஊத்தாதீங்க, வேண்டாம்னா இந்தத் தொட்டில்ல போட்டுட்டுப் போங்கன்னு ஒரு கவர்மெண்டே கெஞ்ச வேண்டி வந்துச்சு. 2001 கணக்குல, ஆறு வயசு வரைக்கும் ஆயிரம் பையனுக்கு நம்மகிட்ட இருந்த பொண்ணு 851. மாநிலத்துக்கே 942 இருந்தப்ப! 2011ல 916க்கு வந்துட்டோம். நகைக்கடையில 916ன்னு முத்திரை குத்தறானே, ஆயிரம் பங்குல 916 பங்கு சொக்கத் தங்கம்னு, அதே நம்பர். தங்கத்துல மிச்சம் என்னன்னா செம்பும்பான், வெள்ளியும்பான். பொண்ணுங்க கணக்குல மிச்சம் என்னன்னு உங்கம்மாவைக் கேளு. வேண்டாம், கேக்காதே, குடை கையில இருக்கு.

நான் எஸ்டேட்டுல கொட்டை பொறுக்கற கொட்டாயில மேஸ்திரியா இருந்தவன். காப்பிப் பழத்தைப் பிதுக்கினா ரெண்டு கொட்டை இருக்கும், வயித்தோட வயிறு ஒட்டி, தட்டையா. சிலதுல ஒண்ணுதான் இருக்கும், உருண்டையா, பட்டாணியாட்டம். பீபெரி. அதைத் தனியாப் பொறுக்கித் தனி விலைக்கு விப்போம். ஜாவாக்காரன் அதுக்கு ஆம்பளைக் காப்பின்னே பேரு வச்சிருக்கானாம். அந்த ஒத்தை ஏன் உருண்டு திரண்டிருக்குன்னு நினைக்கற? கூடப் பொறக்க வேண்டிய இன்னொண்ணு கருவுலயே நின்னுபோச்சு, அதோட இடத்தையும் இது எடுத்துக்கிச்சு. எங்க வீட்டுச் சிங்கம், ஒத்தைப் பிள்ளைன்னு யாராவது மீசையை முறுக்கினா எனக்கு அந்தக் கொட்டாயிதான் ஞாபகம் வரும்.

உன் வீட்டுல மாடு இருக்கா? கன்னு போட்டா என்ன கேப்ப? கிடேரியான்னுதானே? காளைக்கன்னுன்னா உங்கம்மா மூஞ்சி எப்படிப் போகும்? பப்பாளியில ஆண் மரம்னு தெரிஞ்சா மறுநாளே வெட்டிச் சாய்ச்சுருவீங்க. தொழுவத்துல ஒரு நியாயம், திண்ணையில ஒரு நியாயம். கேட்டா சொத்துன்னுவ. பொண்ணுக்கும் பூர்வீகச் சொத்துல சமபங்குன்னு நம்ம மாநிலத்துல 1989லயே சட்டம் வந்தாச்சு. டெல்லிக்காரன் 2005லதான் முழிச்சான். உங்க வீட்டுல இன்னும் முழிக்கல, அவ்வளவுதான்.

கொள்ளி வைக்கவா? கால் மணி நேர வேலை தம்பி அது. அதுக்கு இப்பவே ஆள் புடிச்சு, அறுபது வருசம் சோறு போட்டு, பைக் வாங்கிக் குடுத்து… எந்தக் காண்ட்ராக்ட்காரனும் இப்படி முன்பணம் வாங்க மாட்டான்.

பேரு சொல்லவா? நீ உக்காந்திருக்கற இடத்துக்கு என்ன பேரு? ஒண்டிக்கடை. இப்ப எண்ணிப் பாரு, பஜ்ஜிக்கடையே எத்தனை இருக்குன்னு. அந்த ஒத்தைக் கடைக்காரன் யாரு, அவன் மகன் யாருன்னு இங்க ஒருத்தனைக் கேளு பாக்கலாம். பேரு மட்டும் பஸ் போர்டு வரைக்கும் போயிருச்சு. 1820ல சேலத்துக்குக் கலெக்டரா வந்தான் காக்பர்ன்னு ஒரு வெள்ளைக்காரன். 200 வருசமாச்சு, இன்னும் அவன் பேரைச் சொல்றோம். பிள்ளை பெத்ததுக்கா? இந்த மலைக்குக் காப்பிச் செடி கொண்டுவந்ததுக்கு.

உங்கம்மா பாக்கறாங்க. கிழவன் என்ன சொன்னான்னு கேட்டா, மிளகு விலை சொன்னான்னு சொல்லு. பொய் சொல்ல பயமா இருந்தா நிஜமாவே சொல்றேன், கேட்டுக்கோ, மழை இல்ல, ஏறிப்போச்சு.

சேலத்துக்கு எறங்கறப்ப இருபது கொண்டை ஊசி வளைவு. அந்தப் புள்ளைக்குக் குமட்டும். அந்த முக்குக் கடையில ரெண்டு ஆரஞ்சு வாங்கிக் குடு, ஜன்னலோரம் உக்கார வையி. அதுக்காவது யாரையும் கேக்காம எந்திரி பாப்போம். அட, ஏன் அந்தப் பக்கம் பாக்கற?